பத்தரை மைக்ரானில் ஒரு பள்ளம்

காசிமேட்டில் மணி மூன்று.
ஐஸ் நொறுக்கும் எந்திரம் ஆரம்பித்துவிட்டது.
மேசை அதிர்கிறது,
திரையில் என் கோடு அதிரவில்லை.
அது கிளம்பி
இருபத்தோரு வருடம் ஆகிறது.

பழுப்புக் குறுமீன் என்று
ஒருநாள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
"கருவாட்டுக்கு ஆவுமா?" என்றான்
இஞ்ஞாசி அண்ணன், சிரிக்காமல்.
நட்சத்திரமா?
இல்லை, பற்றிக்கொள்ளும் அளவுக்கு எடை கூடவில்லை.
அப்போ கோளா?
அதற்கு எடை அதிகம்.
"பாவம், ரேஷன் கார்டுல எங்க சேப்பாங்க?"

பெயர் கிடையாது, நீளமான ஒரு எண்தான்.
கண்ணுக்கு அது இல்லவே இல்லை.
அடுப்பை அணைத்து வெகுநேரம் கழித்து
தோசைக்கல்லுக்கு மேல்
தொடாமல் உள்ளங்கையைப் பிடித்தால் தெரியுமே,
அப்படித் தெரிவது.
அவ்வளவு சூடுகூட இல்லை, பொய் சொல்கிறேன்.
மேல்மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி.
அண்ணனின் உப்புத்தண்ணீர்த் தொட்டியும்
அதே பத்துதான்.
அதைப் பார்க்கிற தொலைநோக்கி
வெயில் படாத பக்கமாய்த் திரும்பி
தன்னையே குளிரவைத்துக்கொண்டு நிற்கிறது,
தன் சூடு குறுக்கே வந்துவிடக் கூடாதென்று.

அண்ணன் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டர்.
அமோனியா ஓடும் குழாய்களை
மூக்கால் படிக்கிறவன்.
மூக்குக்குச் சந்தேகம் வந்தால்
கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு
குழாயோடு நடப்பான்.
வால்வு, மூட்டு, வளைவு, மறுபடி மூட்டு.
கசிகிற இடத்தில் புகை
திடீரென்று வெள்ளையாய்த் தடிக்கும்.
"தோ, இங்க கீறா பாரு" என்பான்,
கண்ணாமூச்சியில் பிடித்துவிட்டவன்போல.

நானும் நடக்கிறேன்.
ஐந்து மைக்ரான். ஆறு.
ஆறரை வரை நீராவி.
ஏழே முக்கால் அருகே மீத்தேன்,
கொடுங்கையூர்க் குப்பைமேட்டை
தீயணைப்பு வண்டி போன பிறகும்
அடியில் புகையவைக்கிற அதே மீத்தேன்.
ஒன்பது. பத்து.
பத்தரையில் கோடு குழிகிறது.
வரவேண்டிய வெளிச்சத்தைத் தின்றுவிட்டு
யாரோ நிற்கிறார்கள்.
தோ, இங்க கீறா.

ஆனால் பள்ளத்துக்கு ஆழம் போதவில்லை.
கணக்கு சொல்லும் அமோனியாவில்
பாதிகூட இல்லை.
நாலு மாதம் என்மேல்தான் சந்தேகம்.
பின்னணியைச் சரியாகக் கழித்தேனா,
பக்கத்து நட்சத்திரம் ஒழுகியிருக்குமா.
பெங்களூர்க் கூட்டத்தில் வாய் தவறி
"இங்க ஒரு பள்ளம் கீது" என்றுவிட்டேன்.
தமிழ் தெரிந்த இரண்டு வரிசை சிரித்தது.
தெரியாத ஒருவர்
கேலிப்ரேஷனை மறுபடி பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அந்த வானம் தேங்கி நிற்கவில்லை.
அடி ஆழத்தில், இரும்பு உருகும் சூட்டில்,
நைட்ரஜன் நைட்ரஜனாகவே இருக்கிறது.
குளிருக்கு வந்ததும்
அமோனியாவாகிவிட வேண்டும், அதுதான் முறை.
காற்று அதை அள்ளி
மேலே எறிகிற வேகத்தில்
மாறிக்கொள்ள நேரமில்லை.
கீழே எப்படி இருந்ததோ
அப்படியே வந்து நிற்கிறது,
அத்தனை உயரத்தில்.

குறைவு என் பிழையில்லை.
எவ்வளவு வேகமாய் ஏறி வந்தது
என்பதற்கு அதுதான் அளவு.
கட்டுரையில் அதற்கு ஒரு வரி,
அட்டவணையில் ஒரு எண்.

அண்ணனிடம் சொன்னபோது
ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துத்
தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தான்.
"அப்போ அடியில ஒரு கம்ப்ரசர் ஓடுதுன்னு சொல்லு."
ஓடுது.
"ஆபரேட்டர் யாரு?"
யாருமில்லை என்றேன்.
நைட் ஷிப்டுக்கு ஆள் வராத கோபம்
அவன் முகத்தில்.

கீழே பாளம் பாளமாய் ஐஸ்
சறுக்கி வண்டியில் விழுகிறது.
துறைமுகத்தில் முதல் ஏலக் குரல்.
கோட்டைப் பெரிதாக்குகிறேன்.
பத்தரைக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு குழி,
நகக்குறி அளவு.
இரைச்சலாக இருக்கலாம்.
என்னிடம் கந்தகக் குச்சி இல்லை.
மறுபடி ஐந்திலிருந்து.